ஓய்வுபெற்ற பேராசிரியர் டெக்சஸ் மாநிலக் கல்வி வாரியத் தேர்தலில் நிற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு வேதியியல் பேராசிரியர், ஓய்வுபெற்ற கையோடு, டெக்சஸ் மாநிலக் கல்வி வாரியத்துக்குப் போட்டியிடப் போகிறேன் என்று கிளம்பினார். பேரனுடைய அறிவியல் பாடத்தைப் பார்த்துவிட்டு வந்த கோபம். நான் அவருக்குக் கார் ஓட்டினேன், கணக்கு எழுதினேன், தெருவோரம் பிரச்சார அட்டை நட்டேன். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியோடு கதை முடிந்துவிட்டது, அவர் ஜெயிக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து மாதத்தில் எதைச் செய்திருக்க வேண்டும், எதைச் செய்திருக்கவே கூடாது என்று எனக்கு ஓரளவு பிடிபட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

இது டெக்சஸுக்கு மட்டுமான வழிகாட்டி. கான்சஸில் வாரியத்துக்குப் பத்துப் பேர், பிரைமரி ஆகஸ்டில் வரும். பல மாநிலங்களில் தேர்தலே கிடையாது, ஆளுநர் நியமிப்பார். அதனால் வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தேதிகளையும் படிவங்களையும் இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 1: அது என்ன பதவி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்களில் பேராசிரியர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம், ஏனென்றால் கல்வி பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அவர்களுக்கு இருக்கும்.

வாரியத்தில் 15 பேர். ஒவ்வொருவரும் ஒரு தொகுதியிலிருந்து, கட்சிச் சின்னத்தோடு, நான்கு வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டெக்சஸில் 2 கோடியே 91 லட்சம் பேர். பதினைந்தால் வகுத்துப் பாருங்கள், ஒரு தொகுதிக்குச் சுமார் 19 லட்சம் பேர் வருவார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு டெக்சஸில் 38 தொகுதிகள், அதாவது தொகுதிக்குச் சுமார் ஏழே முக்கால் லட்சம். வாஷிங்டன் போகிறவரின் தொகுதியைவிட இரண்டரை மடங்கு பெரிய தொகுதியில் நீங்கள் ஓட்டுக் கேட்கப் போகிறீர்கள். சம்பளம் எவ்வளவு? ஒன்றும் கிடையாது. பயணச் செலவைத் திருப்பித் தருவார்கள், அவ்வளவுதான்.

அதிகாரம் என்று பார்த்தால் சிலது மிகப் பெரியது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளைகள் என்ன கற்க வேண்டும் என்ற வரையறையை, ஆசிரியர்கள் ‘டீக்ஸ்’ என்று சொல்வார்களே, அதை இந்த வாரியம்தான் முடிவு செய்கிறது. பாடப்புத்தகங்களைப் பரிசீலித்து ஒப்புதல் தருவதும், பள்ளிப் படிப்பை முடிக்க என்னென்ன தேவை என்று விதிப்பதும் இவர்கள்தான். கல்வி ஆணையர் அனுமதித்த புதிய சார்ட்டர் பள்ளிகளை, அதாவது அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் பள்ளிகளைத் தடுத்து நிறுத்தவும் முடியும். 1854-இல் 20 லட்சம் டாலரில் தொடங்கிய நிரந்தரப் பள்ளி நிதி இன்று 5,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அதை நிர்வகிக்கும் கழகத்தின் ஒன்பது பேரில் ஐந்து பேர் வாரியத்திலிருந்து போகிறவர்கள்.

இவர்கள் கையில் இல்லாதவற்றின் பட்டியலும் நீளம். ஆசிரியர் சம்பளம், தனியார் பள்ளிகளுக்கு அரசுப் பணம் எல்லாம் சட்டமன்றத்தின் வேலை. பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் போடுவது ஆணையர், அவரை நியமிப்பது ஆளுநர். பஸ், மதியச் சாப்பாடு, எந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி என்பதெல்லாம் உள்ளூர்ப் பள்ளி வாரியம். வாக்காளர்கள் உங்களிடம் கேட்பது இந்த இரண்டாவது பட்டியலில் இருப்பதைத்தான். இதை இப்போதே மனசில் வைத்துக்கொள்ளுங்கள், ஆறாவது படியில் திரும்ப வரும்.

பேராசிரியர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. 2015-இல் ஒரு புவியியல் பாடநூலில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களை ‘தொழிலாளர்கள்’ என்று அச்சடித்திருந்தார்கள். ஹூஸ்டன் பக்கத்து அம்மா ஒருவர் அதை வெளியே கொண்டுவந்தார். அந்த நவம்பரில், பாடப்புத்தகங்களில் உண்மைப் பிழை இருக்கிறதா என்று பல்கலைக்கழகப் பேராசிரியர்களை வைத்துச் சரிபார்க்கலாமா என்ற யோசனை வாரியத்தின் முன் வந்தது. 8-க்கு 7 என்று தோற்கடித்தார்கள். பேராசிரியர்களுக்கு ஒருபக்கச் சாய்வு இருக்கும் என்ற பேச்சும் அதில் அடிபட்டது. 2024 நவம்பரில் ‘புளூபானட்’ என்ற அரசுப் பாடத்தொகுப்பு, பைபிள் கதைகள் அதிகம் என்ற எதிர்ப்பையும் மீறி, அதே 8-க்கு 7 கணக்கில் ஒப்புதல் பெற்றது. ஒரே ஓட்டு வித்தியாசம். நிற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும், பேராசிரியர் என்ற அடைமொழி எல்லோரிடமும் எடுபடாது என்பதையும் பார்க்க வேண்டும்.

படி 2: தகுதி

குடியுரிமை இருக்க வேண்டும், வயது 26 ஆகியிருக்க வேண்டும், டெக்சஸிலும் அந்தத் தொகுதியிலும் ஒரு வருஷமாவது குடியிருந்திருக்க வேண்டும், அங்கே வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும். மாநில அரசிலோ உள்ளாட்சியிலோ வேறு பதவி வகிப்பவர் இந்த வாரியத்தில் இருக்க முடியாது. கல்வி சம்பந்தமாகக் காசு வாங்கிக்கொண்டு லாபி செய்பவரும், அதாவது அரசிடம் பிறருக்காகப் பேசிக் காரியம் சாதிப்பவரும் முடியாது. ஓய்வுக்குப் பிறகு பிள்ளைகள் பக்கத்தில் இருக்கலாம் என்று ஊர் மாறியவர்கள் அந்த ஒரு வருஷக் கணக்கைக் கவனமாகப் போடுங்கள், கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மாறாமலேயே தொகுதி மாறியிருக்கலாம்.

இன்னொன்று. கௌரவப் பேராசிரியர் என்று பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியும் லெட்டர்ஹெட்டும் இன்னமும் கையில் இருக்கும். பிரச்சாரத்துக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். பொதுப் பணத்தில் ஓடும் எதையும் அரசியல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஐந்து டாலருக்குப் புது முகவரி வாங்கினால் போச்சு.

படி 3: எந்தக் கட்சி, எந்தத் தேர்தல்

சுயேச்சையாக நிற்க வழி உண்டு, ஆனால் 19 லட்சம் பேர் இருக்கும் தொகுதியில் அது வீம்பு. கட்சிதான் வழி. அப்படியென்றால் பிரைமரி, அதாவது உள்கட்சித் தேர்தல். இரட்டைப்படை வருஷத்தில் மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேருக்கு மே மாதம் ரன்ஆஃப்.

உங்கள் தொகுதியில் கடந்த இரண்டு மூன்று தேர்தல் முடிவுகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான தொகுதிகளில் நவம்பர் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான், உண்மையான சண்டை மார்ச்சில் நடக்கும். அந்த மார்ச்சில் வருகிறவர்கள் எத்தனை பேர்? 2022 மார்ச்சில் இரண்டு கட்சிகளின் பிரைமரியையும் சேர்த்தே பதிவான வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்கூட வரவில்லை. ஆக, 19 லட்சம் என்று பயப்படவும் வேண்டாம், எல்லோரிடமும் போகவும் வேண்டாம். அந்தச் சிறு கூட்டத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

2010-இல் வாரியத்தின் முன்னாள் தலைவர், பல் மருத்துவர் டான் மக்லராய், சொந்தக் கட்சிப் பிரைமரியில் தாமஸ் ராட்லிஃபிடம் மயிரிழையில் தோற்றார். 2016-இல் ஒன்பதாவது தொகுதியில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை மேரி லூ புரூனர் மார்ச்சில் 48 சதவீதம் வாங்கி, கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்திருக்க, மே ரன்ஆஃபில் கெவன் எலிஸிடம் தோற்றார். ஃபேஸ்புக்கில் அவர் எழுதிவைத்திருந்த விபரீதமான பதிவுகள் நாடு முழுக்கச் செய்தியாகிவிட்டன. நீங்களும் உங்கள் பழைய பதிவுகளை இப்போதே ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள், எதிராளி எப்படியும் படிப்பார்.

பேராசிரியர்கள் ஜெயித்ததே இல்லையா என்றால், ஜெயித்திருக்கிறார்கள். டெக்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சினிமாவும் இலக்கியமும் கற்பித்த ரெபெக்கா பெல்-மெடெரோ ஐந்தாவது தொகுதியில் 2010-இல் நின்று தோற்றார், 2020-இல் ஜெயித்தார். நடுவில் பத்து வருஷம் போயிருக்கிறது.

படி 4: முதல் டாலருக்கு முன்னால் பொருளாளர்

இதில் தவறினால் மற்ற எதுவும் உதவாது. தேர்தல் பணக் கணக்குகளைக் கவனிக்கும் டெக்சஸ் எதிக்ஸ் கமிஷனிடம் பொருளாளர் நியமனப் படிவம் கொடுக்காமல் ஒரு டாலர் வாங்கவோ செலவழிக்கவோ கூடாது. மச்சான் கையில் திணித்த இருபது டாலரும் இதில் அடக்கம். வேட்பாளர் தன்னையே பொருளாளராக நியமித்துக்கொள்ளலாம். யாரை வைத்தாலும், கணக்கு அறிக்கை நேரத்துக்குப் போகாவிட்டால் சட்டப்படி மாட்டுவது பொருளாளர் இல்லை, வேட்பாளர்தான். தாமதத்துக்கு அபராதம் பொதுவாக 500 டாலர். ஜனவரி 15, ஜூலை 15 என்று வருஷத்துக்கு இரண்டு அறிக்கை, போட்டியிருந்தால் தேர்தலுக்கு 30 நாள் முன்னால் ஒன்று, 8 நாள் முன்னால் ஒன்று. சொந்தச் சொத்து, வருமானம் பற்றிய தனி அறிக்கையும் உண்டு. பேராசிரியருக்கு அதுதான் ரொம்பக் கசந்தது.

நன்கொடைக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் கம்பெனிப் பணம் கூடாது, ரொக்கமாக ஒருவரிடம் ஒரு கணக்குக் காலத்தில் 100 டாலருக்கு மேல் கூடாது. நம்மவர்கள் கூட்டத்தில் பணம் திரட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கிரீன் கார்டு உள்ளவர் கொடுக்கலாம், எச்-1பி விசாவில் இருப்பவர் கொடுக்கக் கூடாது, ஊரிலிருந்து மாமாவும் அனுப்பக் கூடாது. இது நாடு முழுவதுக்குமான சட்டம். தெரியாமல் வாங்கிவிட்டால் உடனே திருப்பிக் கொடுங்கள். பார்ட்டி ஹாலில் தட்டு ஏந்திப் போகும் வழக்கத்தை இந்த ஒரு தடவை மறந்துவிடுவது நல்லது.

படி 5: மனுத் தாக்கலும் பெயரும்

தேர்தலுக்கு முந்தைய நவம்பரில் மனு வாங்கத் தொடங்குவார்கள், டிசம்பர் இரண்டாம் திங்கள் மாலை 6 மணிக்குக் கதவு மூடிவிடும். தொகுதி பல கவுன்டிகளில் பரவியிருந்தால் மனு கட்சியின் மாநிலத் தலைவருக்குப் போக வேண்டும். கட்டணம் 300 டாலர்தான். கட்டணத்துக்குப் பதில் வாக்காளர்களின் கையெழுத்து மனுவும் கொடுக்கலாம். கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். நோட்டரி முன்னால் கையெழுத்திட வேண்டிய படிவம், ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் நிராகரித்துவிடுவார்கள். சரிசெய்ய இரண்டு வாரமாவது கையில் இருக்கட்டும்.

பெயர் எழுதும் கட்டத்தில்தான் எங்கள் சமையலறை மேஜையில் முதல் சண்டை நடந்தது. முப்பத்தைந்து வருஷம் எல்லோரும் ‘டாக்டர்’ என்று கூப்பிட்ட மனுஷன், இயல்பாக அதையே முதலில் எழுதினார். டெக்சஸ் வாக்குச்சீட்டில் பட்டம், பதவி எதுவும் பெயரோடு வரக் கூடாது. அடித்துவிட்டுப் புதுப் படிவம் எடுத்தோம். அவர் அரைமணி நேரம் பேசவேயில்லை. நம்மவர்களுக்கு இதே விதிகளில் ஒரு வசதியும் இருக்கிறது: குறைந்தது மூன்று வருஷமாக உங்களை ஊர் கூப்பிடும் செல்லப்பெயர், ஒரே வார்த்தையாக, பத்து எழுத்துக்குள் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். பாலசுப்ரமணியனை இருபது வருஷமாக ‘பாலா’ என்று கூப்பிட்டிருந்தால் ‘பாலா’வும் வாக்குச்சீட்டில் ஏறும். கோஷம் மாதிரியான பெயர் மட்டும் கூடாது.

படி 6: இரண்டு நிமிஷத்தில் பேசக் கற்றுக்கொள்ளுங்கள்

இதுதான் பேராசிரியர்களுக்கு எல்லாவற்றிலும் கஷ்டமான படி. எங்கள் பேராசிரியர் தோற்றதற்கு எதிராளியின் பணமோ கட்சியின் சூழ்ச்சியோ காரணம் என்று நான் நினைக்கவில்லை, இதுதான் காரணம்.

முதல் கூட்டம் ஒரு நூலகத்தின் பின்னறையில். நாற்பது நாற்காலி போட்டிருந்தோம், பதினொரு பேர் வந்தார்கள், அதில் மூன்று பேர் நாங்கள். ஒரு அம்மா எழுந்து, “காலையில் ஆறு பத்துக்கு இருட்டில் என் பெண் பஸ்ஸுக்கு நிற்கிறாள், இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டார். பேராசிரியர், அது மாநில வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது அல்ல என்று தொடங்கி, 1949-இல் கில்மர்-ஐகின் சட்டம் வந்து வாரியத்தைத் தேர்தலுக்கு விட்டதையும், 1984-இல் அதை நியமன வாரியமாக மாற்றியதையும், மக்கள் ஒத்துக்கொள்ளாமல் 1988-இல் மறுபடி தேர்தல் வந்ததையும் வரிசையாகச் சொன்னார். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது நிமிஷம். அந்த அம்மா ஆறாவது நிமிஷத்திலேயே பையைத் தோளில் மாட்டிவிட்டார்.

அன்று ராத்திரி அவர் வீட்டில் முட்டை வேகவைக்கும் டைமரை எடுத்து மேஜையில் வைத்தேன். இரண்டு நிமிஷம் திருப்பி வைப்போம், நான் கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்வார், மணி அடித்தால் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்த வேண்டும். ஆஸ்டினில் வாரியத்தின் முன்னால் பொதுமக்கள் பேசும்போதும் இரண்டு மூன்று நிமிஷம்தான் தருகிறார்கள் என்பதால் இந்தப் பயிற்சி எப்படியும் வீண் போகாது. முதல் வாரம் ஒரு தடவைகூட அவர் மணிக்கு முன்னால் முடிக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு பதில் வந்தது: “பஸ் உங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் கையில் இருக்கிறது, அவர்கள் கூட்டம் எந்தத் திங்கள் என்று சொல்கிறேன், வாருங்கள், நானும் வருகிறேன். அந்தப் பஸ்ஸில் ஏறிப் போய் அவள் என்ன படிக்கிறாள் என்பதுதான் நான் கேட்கும் வேலை.” முப்பது வினாடி. இதை நூலகத்தில் சொல்லியிருந்தால் அந்த அம்மா உட்கார்ந்திருப்பார்.

செய்து பார்த்ததில் பலன் தந்த சில விஷயங்கள். ஒரு பாடப்புத்தகப் பக்கத்தைக் கையில் எடுத்துப் போங்கள், நகல் எடுத்தால் போதும். ‘கல்வித் தரம்’ என்று பத்து தடவை சொல்வதைவிட, ஏழாம் வகுப்புப் பக்கம் ஒன்றைத் தூக்கிக் காட்டி ‘இதைப் படியுங்கள்’ என்பது எடுபடும். ‘ஆய்வுகள் சொல்வது என்னவென்றால்’ என்று எந்தப் பதிலையும் தொடங்காதீர்கள். பள்ளி ஆசிரியர் யாராவது கூட்டத்தில் இருந்தால் அவரை முதலில் பேசவிடுங்கள். பல்கலைக்கழகத்துக்காரர் வந்து நாலாம் வகுப்பு ஆசிரியருக்குப் பாடம் எடுப்பது எந்த ஊரிலும் எடுபடாது, சென்னையிலும் சரி, சான் அன்டோனியோவிலும் சரி. எங்கள் ஆள் கடைசிவரை இதில் முழுசாகத் தேறவில்லை.

வாரியக் கூட்டங்கள் இணையத்தில் நேரலையாக வருகின்றன. நிற்பதற்கு முன் இரண்டு கூட்டமாவது முழுசாகப் பாருங்கள். பாதியில் தூக்கம் வந்தால், நான்கு வருஷம் அங்கே உட்கார வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: அந்தச் சிறு கூட்டத்தைத் தேடிப் போவது

டெக்சஸில் வாக்காளர் கட்சிவாரியாகப் பதிவு செய்வதில்லை. பிரைமரி அன்று எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார். ஆனால் எந்தக் கட்சிப் பிரைமரியில் யார் வந்தார்கள் என்ற விவரம் பதிவில் இருக்கும், அதோடு வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கலாம். கடந்த மூன்று பிரைமரியிலும் தவறாமல் வந்தவர்களை மட்டும் பிரித்தெடுங்கள். உங்கள் நேரமும் தபால் செலவும் அவர்களுக்கே. எல்லா வீட்டுக் கதவையும் தட்டுவேன் என்று கிளம்பினால் அடுத்த பிறவியிலும் முடியாது. அமரில்லோவும் லபக்கும் ஒரே தொகுதியில் இருக்கின்றன, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகவே காரில் இரண்டு மணி நேரம்.

கவுன்டி அளவிலான கட்சி மன்றங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கங்கள், உள்ளூர் வாரப் பத்திரிகைகள், இவை மூன்றையும் விடாதீர்கள். சின்ன ஊர்ப் பத்திரிகைக்காரர் நீங்கள் நேரில் போனாலே செய்தி போடுவார். பெண் வாக்காளர்கள் கழகம் வெளியிடும் வாக்காளர் கையேட்டுக்குக் கேள்விகள் அனுப்புவார்கள், கட்டாயம் பதில் எழுதுங்கள். ஆளுநர் முதல் நீதிபதிகள் வரை வரிசையாகத் தாண்டி உங்கள் பெயரை அடைகிற வாக்காளர், ‘இது யார்’ என்று ஃபோனில் தேடினால் முதலில் கண்ணில் படக்கூடியது அதுதான். 2020 முதல் ஒரே பொத்தானில் கட்சிக்கு மொத்தமாக ஓட்டுப் போடும் வசதியையும் எடுத்துவிட்டார்கள், அதனால் நவம்பரிலும் உங்கள் வரி வரை இறங்கி வரச் சொல்ல வேண்டியிருக்கும்.

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் மேடை கேட்காதீர்கள். பெரும்பாலான சங்கங்கள் வரிவிலக்கு பெற்றவை, அவை வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது. வரிசையில் நின்று சர்க்கரைப் பொங்கல் வாங்கும்போது நாலு பேரிடம் பேசிக்கொள்ளுங்கள், அது போதும்.

படி 8: அட்டை, முன்கூட்டிய வாக்குப்பதிவு

ஒவ்வொரு அட்டையிலும் யார் பணம் கொடுத்தது என்ற வரியும், சாலையோரத்தில் எங்கே வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். நாங்கள் முதலில் அச்சடித்த இருநூறில் அந்த எச்சரிக்கை வரி இல்லை. பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது.

தேர்தல் நாளுக்கு முன்பே சுமார் இரண்டு வாரம் ஓட்டுப் போடலாம், கணிசமானவர்கள் அதிலேயே போட்டுவிடுவார்கள். ஆகவே தபால்கள் அதற்கு முந்தைய வாரமே போய்ச் சேர வேண்டும். வாக்குச்சாவடி வாசலிலிருந்து 100 அடிக்கு அப்பால்தான் நின்று பேசலாம், தரையில் கோடோ பலகையோ இருக்கும். ஒரு மடக்கு நாற்காலி, தண்ணீர், தொப்பி. எழுபது வயதுக்காரரை எட்டு மணி நேரம் நிற்க வைக்காதீர்கள், காலை இரண்டு மணி நேரம், மாலை வேலை விட்டு வரும் இரண்டு மணி நேரம் போதும்.

படி 9: முடிவு வந்த பிறகு

ரன்ஆஃபுக்குப் போனால் மார்ச்சில் வந்தவர்களிலும் பாதிப்பேர் மே மாதம் வர மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். மார்ச்சில் எதிர்க்கட்சிச் சீட்டு வாங்கியவர் உங்கள் ரன்ஆஃபில் போட முடியாது, அவரைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நவம்பரில் ஜெயித்தால் ஜனவரியில் பதவி. தலைவர் யார் என்பதை ஆளுநர்தான் வாரிய உறுப்பினர்களிலிருந்து நியமிப்பார், அந்த ஆசையோடு போகாதீர்கள்.

தோற்றால் செய்ய வேண்டியது இரண்டு. எதிக்ஸ் கமிஷனுக்குக் கடைசி அறிக்கை என்று குறிப்பிட்டு ஒன்று அனுப்ப வேண்டும். அனுப்பாத வரை, தேர்தல் முடிந்து எத்தனை வருஷமானாலும், ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்குக் காட்டியாக வேண்டும். எங்களுக்கு அடுத்த ஜூலையில்தான் இது தெரிந்தது. இரண்டாவது, நட்ட அட்டைகளை எல்லாம் நீங்களே போய்ப் பிடுங்கிக்கொண்டு வாருங்கள். அட்டையைக் குப்பையில் போடலாம், ஆனால் அந்த இரும்புக் கம்பிகளைப் போட்டுவிடாதீர்கள். எங்கள் கராஜில் இன்னும் நூற்றெழுபது கம்பி இருக்கிறது, போன மாதம் பேராசிரியர் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.